பிளக் ஸ்பேனர் இல்லாம ஏரிக்கரைக்கு வராதீங்க

ஞாயித்துக்கிழமை காலையில எங்க ஏரிக்கரை மேல புழுதி கிளம்புதுன்னா, மெட்ராஸ்ல இருந்து மண்ணுப்பாதை வண்டி ஓட்டுற பசங்க வந்துட்டாங்கன்னு அர்த்தம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இதுக்கு இடத்துக்குப் பஞ்சமே இல்ல. பிளாட் போட்டுக் கல்லு நட்டு, வீடு வராத நிலம் ஏக்கர் கணக்குல கிடக்கு. ஏரிக்கரை இருக்கு, வண்டிப்பாட்டை இருக்கு. எனக்கு அதுல கோபம் ஒண்ணும் கிடையாது, நாத்தங்கால்ல ஏத்தாத வரைக்கும்.

ஆனா அவங்க பையைப் பார்த்தா சிரிப்பு வருது. கையுறை, கேமரா, பஞ்சர் ஒட்டுற சாமான், காத்தடிக்கிற பம்பு, இருபது வேலை செய்யுற மடக்குக் கத்தி எல்லாம் இருக்கும். பிளக் ஸ்பேனர் மட்டும் இருக்காது. "அண்ணா, உங்ககிட்ட இருக்கா?"ன்னு கேப்பாங்க. என்கிட்ட இருக்குறது மருந்தடிக்கிற பவர் ஸ்பிரேயரோடது, 19 எம்எம். அவங்க வண்டிக்கு அது வாளியில கரண்டி விட்ட மாதிரி லொடலொடன்னு ஆடும்.

இப்ப வர்ற வண்டியெல்லாம் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன், பிளக் லேசுல கரி பிடிக்காது, எதுக்கு ஸ்பேனர்னு ஒரு தம்பி கேட்டான். நியாயமான கேள்விதான். பதில் எங்க ஊர் தண்ணியில இருக்கு. ஐப்பசி, கார்த்திகையில ஏரி நிரம்பிக் கலங்கல் ஓடும். பார்க்க முழங்கால் ஆழந்தான் தெரியும். நடுவுல வண்டி சாஞ்சா காத்து இழுக்குற வழியா தண்ணி சிலிண்டருக்குள்ள போயிடும். காத்தை அமுக்கலாம், தண்ணியை அமுக்க முடியாது. அந்த நேரத்துல செல்ஃப் பட்டனை அழுத்தினா பிஸ்டன் தண்ணியில முட்டி, கனெக்டிங் ராடு வளையும். பத்து நிமிஷ வேலை பல ஆயிரம் ரூபாய் வேலையாகிடும்.

செய்ய வேண்டியது ஒண்ணுதான். சாவியை அணைச்சு, பிளக்கைக் கழட்டி, அதுக்கப்புறம் இன்ஜினைச் சுத்தணும். கிக்கர் இருந்தா கிக்கர், இல்லேன்னா மேல் கியர்ல போட்டு வண்டியைத் தள்ளணும். பிளக் ஓட்டை வழியா தண்ணி பீச்சிக்கிட்டு வரும், மூஞ்சியை அங்க காட்டாதீங்க. ஆயிலையும் ஒரு தடவை பாருங்க. மோர் மாதிரி வெளுத்திருந்தா ஸ்டார்ட் பண்ணவே கூடாது. 2015 டிசம்பர்ல அடையாறு பெருகினப்ப சென்னையில எத்தனை வண்டி முழுகிச்சுன்னு உங்களுக்கே தெரியும். அப்ப மெக்கானிக்குங்க தெருவோரம் உக்காந்து செஞ்சதும் இதே வேலைதான். பிளக்கைத் தொடாம அவசரப்பட்டு பட்டனை அழுத்தினவங்கதான் அதிகமா அழுதாங்க.

சரி, எதை வாங்குறது? முதல்ல அளவு. பிளக்குல ரெண்டு அளவு உண்டு: ஹெட்டுக்குள்ள போற மரை ஒண்ணு, ஸ்பேனர் பிடிக்கிற ஆறு பட்டை ஒண்ணு. கடையில பேசும்போது இந்த ரெண்டையும் குழப்பிடுவாங்க. பழைய புல்லட் மாதிரி 14 எம்எம் மரை இருந்தா பட்டை பெரும்பாலும் 21. 12 எம்எம் மரைக்கு 18. நூறு, நூத்தம்பது சிசி வண்டிங்கள்ல 10 எம்எம் மரை, 16 பட்டை. என்ஜிகே பிளக்கோட பழைய வரிசையில நம்பரோட முதல் எழுத்தே மரையைச் சொல்லிடும்: பி-ன்னா 14, டி-ன்னா 12, சி-ன்னா 10. ஆனா புதுசா வர்ற சிலதுல 10 எம்எம் மரைக்கு 14 பட்டை வருது. அதனால எழுத்தை நம்பி வாங்காதீங்க, கழட்டி அளந்து பார்த்து வாங்குங்க.

அடுத்தது சுவர் கனம். இதைத்தான் யாரும் பார்க்குறதில்ல. இப்ப இன்ஜின்ல பிளக் கிணத்துக்குள்ள உக்காந்த மாதிரி ஆழத்துல இருக்கு. கடையில பளபளன்னு இருக்குற தடி சாக்கெட் அந்தக் குழியில இறங்கவே இறங்காது. குழாய் மெல்லிசா இருக்கணும், அதே சமயம் உறுதியாவும் இருக்கணும். தகட்டைச் சுருட்டி செஞ்சது ரெண்டே தடவையில வாயைப் பிளந்துடும். நீளமும் பாருங்க. குட்டையா இருந்தா பிளக் எட்டாது, நெட்டையா இருந்தா டேங்க் இடிக்கும்.

ராட்செட்டெல்லாம் ஷெட்டுக்கு நல்லது, முதுகுப்பைக்கு வேணாம். என் ஓட்டு சாதாரணக் குழாய் ஸ்பேனருக்குத்தான். அதுலயும் மேல்முனை ஆறு பட்டையா இருந்து, நீங்க ஏற்கெனவே எடுத்துட்டுப் போற ஏதோ ஒரு ரிங் ஸ்பேனர் அதுல பிடிக்கணும். அப்படின்னா திருப்புறதுக்குத் தனிக் கம்பி வேணாம், எடை மிச்சம். உள்ள ரப்பர் வளையம் இருக்குறதா பாருங்க. ஆழத்துல கழண்ட பிளக்கை மேல தூக்க அதுதான் கை.

எங்க மண்ணு பொடி மண்ணு. பிளக்கைச் சுத்தி அப்பிக்கிட்டு இருக்கும். அப்படியே கழட்டினா நேரா சிலிண்டருக்குள்ள விழும். டயருக்குக் காத்தடிக்கிற பம்பாலயே முதல்ல ஊதி விடுங்க. சுடச்சுட கழட்டுறதும் ஆகாது. அலுமினிய ஹெட், மரை உரிஞ்சு வந்துடும். மாட்டும்போது கடைசி வரைக்கும் வெறும் விரலால சுத்திட்டு, அப்புறம் ஸ்பேனர். வாஷர் வெச்ச புது பிளக்குன்னா அரைச் சுத்து. பழசையே மாட்டினா, கடிகாரத்துல சின்ன முள்ளு ஒரு மணி நேரம் நகர்ற அளவு போதும்.

எங்க ஊரைச் சுத்தி வண்டி செய்யுற ஊர். ராயல் என்பீல்டு 2013-ல ஒரகடத்துல ஆரம்பிச்சுது, வல்லம் வடகால்ல 2015-ல யமஹா வந்துது. இருங்காட்டுக்கோட்டையில 1990-ல இருந்து ரேஸ் டிராக்கே இருக்கு. இவ்வளவு இருந்தும், நான் பார்த்த சில புது வண்டிகள்ல சீட்டுக்கடியில ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ஒரு சின்ன சாவியுந்தான் கிடக்கு. கேட்டா, "சர்வீஸ்ல பார்த்துப்பாங்க சார்". கலங்கலுக்கு நடுவுல எந்த சர்வீஸ் வருவான்? ஒரு சினிமா டிக்கெட் காசுக்குக் கிடைக்குற சாமானை வண்டியோட குடுக்காதது எனக்கு அநியாயமாத்தான் படுது.

வாங்கினதும் வீட்டு வாசல்லயே, இன்ஜின் ஆறியிருக்கும்போது ஒரு தடவை கழட்டி மாட்டிப் பாருங்க. டேங்க்கைத் தூக்கணுமா, எந்தப் பக்கமா கை போகும்னு அங்கேயே தெரிஞ்சிடும். அப்புறம் புது பிளக் ஒண்ணைத் துணியில சுத்தி அந்தக் குழாய்க்குள்ளயே சொருகி வைங்க, பீங்கான் உடையாது. மிச்ச இடத்துல கைதுடைக்க இன்னொரு துண்டுத் துணியும் போகும்.