வானத்தில் எழுந்த வேலி

பின்லாந்து தேசத்தின் தலைநகராகிய ஹெல்சிங்கிக்கும் ஜப்பானின் டோக்கியோவுக்கும் இடையேயுள்ள நேர்தூரம் ஏறக்குறைய 7,800 கிலோ மீட்டர். பூமி உருண்டையாதலின், இவ்விரு நகரங்களையும் இணைக்கும் குறுக்குவழி ருஷ்யாவின் ஸைபீரியப் பிரதேசத்திற்கு மேலாகவே செல்கின்றது. அவ்வழியே புறப்பட்ட ஆகாய விமானம் சுமார் ஒன்பதரை மணி நேரத்தில் டோக்கியோவை அடைந்து வந்தது. இன்றோ அதே பிரயாணத்திற்கு ஏறக்குறைய 13 மணி நேரம் வேண்டியிருக்கின்றது. நகரங்கள் இடம் பெயரவில்லை. விமானங்களின் வேகமும் குன்றவில்லை. பின், நேர்ந்ததுதான் யாது?

2022 பிப்ரவரி 24 அன்று ருஷ்யா உக்ரேன் மீது படையெடுத்தது. அம்மாதம் 27 அன்று ஐரோப்பிய யூனியன் தன் வானத்தை ருஷ்ய விமானங்களுக்கு அடைத்தது. மறுநாளே, 36 நாடுகளின் விமானங்கள் தன் எல்லையில் பறக்கலாகாதென்று ருஷ்ய சர்க்கார் உத்தரவிட்டது. அது முதல் பின்லாந்தின் விமானங்கள் வடதுருவத்தைக் கடந்து அலாஸ்கா பக்கமாகவோ, தெற்கே காகசஸ், கஸாக்ஸ்தான், சீனம் வழியாகவோ சுற்றிச் செல்லலாயின. 1983-இல், சோவியத் வானம் திறவாதிருந்த நாளில், இதே பின்லாந்து கம்பெனி வடதுருவ வழியாகவே டோக்கியோவுக்கு இடைநில்லாமல் பறந்தது. 39 வருஷங்களுக்குப் பின் மீண்டும் அப்பழைய பாதை! துருவத்தைக் கடந்ததற்குப் பிரயாணிகளுக்கு அத்தாட்சிப் பத்திரம் அளிக்கிறார்களாம். மனிதனுடைய முன்னேற்றத்திற்கு இதுவா அத்தாட்சி என்று நாம் கேட்க வேண்டியிருக்கின்றது.

ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்தின் மேலுள்ள வானத்தில் பூரண உரிமை உண்டென்பது 1944-இல் சிகாகோவில் ஏற்பட்ட உடன்படிக்கையின் முதல் ஷரத்து. சுதந்திரத்தை மதிக்கும் எவரும் இதை மறுக்கார், நாமும் மறுக்கவில்லை. ஆனால் இறங்காமல் கடந்து செல்லும் உரிமையைப் பரஸ்பரம் அளிக்கும் மற்றோர் உடன்படிக்கையும் அங்கேயே உருவாயிற்று. அதில் ருஷ்யா சேரவில்லை. ஆகவே அவ்வானம் அதன் கையிலுள்ள ஓர் ஆயுதமாகவே இருந்து வருகின்றது. சீனத்துக் கம்பெனிகள் பழைய குறுக்குவழியில் ஐரோப்பாவுக்குப் பறக்க, ஐரோப்பியக் கம்பெனிகள் அதிக எண்ணெயை எரித்துச் சுற்றி வருகின்றன. அச்செலவின் பாரம் ஈற்றில் யார் தலையில் விழும்? பிரயாணியின் தலையில்தான்.

இது தூரதேசத்துச் செய்தி என்று நாம் அலட்சியம் செய்வதற்கில்லை. 2025 ஏப்ரலில் பஹல்காம் படுகொலைக்குப் பின் பாகிஸ்தானும் இந்தியாவும் ஒன்றன் விமானங்களுக்கு மற்றொன்று வானத்தை அடைத்தபோது, டில்லியிலிருந்து மேற்கே சென்ற நம்மவரும் அரபிக் கடல் பக்கமாகச் சுற்றியே போக நேர்ந்தது.

வேலியை மட்டும் பிடுங்கி எறிவதால் இந்நோய் தீராது. அயல்நாட்டின் மண்ணைப் பலவந்தமாகக் கவரும் ஆசையும், கொலையைக் கருவியாகக் கொள்ளும் கொடுமையும் ஒழிந்தாலன்றி வானம் திறவாது, திறந்தாலும் நிலையாது. உக்ரேனில் நியாயமான சமாதானம் ஏற்படுவது அந்நாட்டாரின் நன்மைக்கு மட்டுமன்று. உலகத்தாரனைவரின் போக்குவரவுக்கும் அவசியமாகும் என்பதை வல்லரசுகள் உணர்வார்களாக.