எதிரே ஒரு பூங்கா

இந்த வாரப் பாட்டுக்கு ஆட முடியாது. பாடியவர் மைக்கேல் ஜாக்சன் என்றாலும்!

டிரம்ஸ் அதிராது. பியானோவும் வயலின்களும் மெல்ல எழ, ஒரு மனிதர் தனக்குத்தானே பேசிக்கொள்வதுபோலப் பாடுவார். பாட்டின் பெயர் 'சைல்டுஹுட்'. அதாவது, குழந்தைப் பருவம். 1995-ல் வந்த 'ஹிஸ்டரி' ஆல்பத்துக்காக அவரே எழுதி இசையமைத்தது. வீடியோவில் அவர் காட்டுக்குள் தனியாக உட்கார்ந்திருப்பார். மேலே, வானத்தில் படகுகள் மிதந்து போகும். அவை நிறையக் குழந்தைகள்!

அவருக்கு அந்தப் படகு ஏன் கிடைக்கவில்லை?

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் உள்ள கேரி, இரும்பு ஆலை நகரம். அப்பா ஜோ ஜாக்சன் ஆலையில் கிரேன் ஆபரேட்டர். இரண்டு படுக்கையறை கொண்ட சின்ன வீட்டில் ஒன்பது பிள்ளைகள். பையன்களுக்குப் பாட்டு வருகிறது என்று தெரிந்ததும், பள்ளிக்கூடம் விட்டால் ஒத்திகை என்றாகிவிட்டது. தப்பு செய்தால் அடி விழும் என்று மைக்கேல் பின்னாளில் பேட்டிகளில் சொன்னார்.

1970 ஜனவரியில் 'ஜாக்சன் 5' குழுவின் பாட்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. முன்னால் நின்று பாடிய மைக்கேலுக்கு வயது 11.

அந்த நாட்களில் பாடம் முடிந்ததும் நேராக ஸ்டுடியோதான். ஸ்டுடியோவுக்கு எதிரே ஒரு பூங்கா. அங்கே பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்கும். இவர் பார்த்துக்கொண்டே உள்ளே போக வேண்டும். பல வருடம் கழித்தும் அந்தப் பூங்காவை அவர் மறக்கவில்லை.

பணம் வந்ததும் பூங்காவையே வீட்டுக்குக் கொண்டுவந்தார். 1988-ல் கலிஃபோர்னியாவில் பெரிய பண்ணை வாங்கி, வளராத சிறுவன் பீட்டர் பேன் வாழும் தீவின் பெயரை வைத்தார்: நெவர்லேண்ட். ராட்டினம், ரயில், மிருகக்காட்சி சாலை, எல்லாம் உண்டு. பதினொரு வயதுதான் திரும்பி வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1993-ல், ஒரு சிறுவனிடம் தவறாக நடந்துகொண்டதாக அவர்மீது புகார் எழுந்தது. அந்த வழக்கு மறு வருடம் பணம் கொடுத்து சமரசத்தில் முடிந்தது. இன்னொரு வழக்கில் 2005-ல் ஜூரி அவரை விடுவித்தது. அவர் இறந்த பிறகும் புகார்கள் வந்தன. தீர்ப்புச் சொல்லும் முன் என் குழந்தைப் பருவத்தைப் பாருங்கள் என்று கேட்கும் பாட்டு இது. பார்க்கலாம். ஆனால் ஒருவர் பட்ட துயரம், அவர்மீதான கேள்விகளுக்குப் பதில் ஆகாது. அதே போல, அந்தக் கேள்விகளால் பதினொரு வயதுப் பையனின் இழப்பும் பொய்யாகாது. இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டுதான் நான் இந்தப் பாட்டைக் கேட்கிறேன்.

2001-ல் ஆக்ஸ்ஃபோர்டில் பேசியபோது அவர் அப்பாவைப் பற்றி ஒன்று சொன்னார். பிள்ளைக்கு டோனட் பிடிக்கும் என்று அப்பாவுக்குத் தெரியும். சில வாரங்களுக்கு ஒருமுறை, காலையில் சமையலறைக்கு வந்தால் ஒரு பை நிறைய டோனட் இருக்கும். கையில் கொடுக்க மாட்டார். ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். இரவில் விழித்திருந்து, வைப்பவரைப் பார்த்துவிடலாமா என்று பையனுக்கு ஆசை. பார்த்துவிட்டால் அப்பா நிறுத்திவிடுவாரோ என்று பயம். அதனால் பார்க்கவே இல்லை.

பாசம் இல்லாத அப்பா இல்லை. அதைக் காட்டத் தெரியாத அப்பா. 42 வயதில், இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பனாக நின்று, மகன் அந்த டோனட்டை நினைத்து அவரை மன்னிக்க முயன்றார்.

பாட்டு நாலரை நிமிடம்தான். இன்று ராத்திரி ஹெட்ஃபோனில் கேளுங்கள். நாளைக்கு விருந்தாளி வந்தால், வீட்டுக் குட்டியைக் கூப்பிட்டு "ஒரு பாட்டு பாடு" என்று சொல்வதற்கு முன், அது விளையாடிக்கொண்டிருக்கிறதா என்று மட்டும் எட்டிப் பாருங்கள்.