இரு தரப்பும் அறிதல்

சட்டம் பயிலும் மாணவர்கள் மாதிரி நீதிமன்றப் போட்டிகளில் கற்பனை வழக்குகளை வாதிடுகின்றனர். 1960இல் அமெரிக்காவில் தொடங்கிய ஜெசப் பன்னாட்டுச் சட்டப் போட்டி அவற்றுள் புகழ்பெற்றது. பெங்களூரிலுள்ள தேசியச் சட்டப் பள்ளியின் அணி 1999, 2013 ஆகிய ஆண்டுகளில் அதில் உலக வெற்றி பெற்றது. இப்போட்டியில் ஒவ்வோர் அணியும் வழக்குத் தொடுக்கும் நாட்டிற்காகவும், அதை எதிர்க்கும் நாட்டிற்காகவும் வாதங்களை எழுதுதல் வேண்டும்.

இரு பக்கமும் பேசப் பழகியவர் உண்மையை மதிப்பாரோ எனச் சிலர் ஐயுறுவர். அவ்வையம் பொருந்தாது. எதிர்த்தரப்பின் நியாயத்தை எண்ணிப் பார்ப்பவரே தம் வாதத்தின் குறையை உணர்வர். நடுவர் இடைமறித்து வினவும்போது மனப்பாடம் செய்த பேச்சு உதவாது. வழக்கை இருபுறமும் ஆராய்ந்த தெளிவே உதவும்.

சிலப்பதிகாரத்தில் பாண்டிய மன்னன் பொற்கொல்லன் சொல்லை மட்டுமே கேட்டான், கோவலனை விசாரிக்கவில்லை. கண்ணகி சிலம்பை உடைத்துக் காட்டிய பின்னரே உண்மை விளங்கியது. ஆனால், போன உயிர் மீளவில்லை.

ஆகவே, வெற்றிக் கோப்பையைவிட, மறுதரப்பையும் கேட்கும் பழக்கமே இப்போட்டிகள் தரும் பெரும்பயன் ஆகும்.