தோள்முகட்டின் மீது சுமத்தப்பட்ட பழி

கையை உயர்த்த முடியாமல் வருபவரிடம், "எலும்பு உரசுகிறது, கொஞ்சம் செதுக்கிவிட்டால் சரியாகிவிடும்" என்று சொல்லும் வழக்கத்திற்கு அமெரிக்க அறுவை மருத்துவர் சார்லஸ் நீர் 1972-இல் எழுதிய கட்டுரையே ஊற்றுக்கண் ஆகும். 1983-இல் அவர் இன்னும் ஒரு படி மேலே போய், தோளைச் சுழற்றும் தசைகளின் நாண்களில் காணும் கிழிசல்களில் 95 விழுக்காடு இந்த உரசலால்தான் நேர்கின்றன என்று அறிவித்தார். எஞ்சிய 5 விழுக்காட்டின் மீது அவருக்கு ஏன் இத்தனை இரக்கம் பிறந்தது என்பது விளங்கவில்லை.

பழி சுமத்தப்பட்ட உறுப்பு, தோள்பட்டை எலும்பின் பின்புற மேடு வெளிப்பக்கமாக நீண்டு தோளின் உச்சியில் கவிந்து நிற்கும் அக்ரோமியன் என்னும் தோள்முகடு. அதன் அடியில் வழவழப்பான ஒரு திரவப்பையும், அதற்கும் கீழே, கையைப் பக்கவாட்டில் தூக்க உதவும் சுப்ராஸ்பைனேட்டஸ் தசையின் நாணும் அமைந்துள்ளன. கை உயரும்போது முகட்டுக்கும் மேற்கை எலும்பின் தலைக்கும் இடையே இந்நாண் நசுங்கித் தேய்கிறது என்பதே நீரின் வாதம். தோள்முகடு தட்டை, வளைவு, கொக்கி என மூவகைப்படும் என்று 1986-இல் பிக்லியானி குழுவினர் வகுத்த பாகுபாடும் இதற்குத் துணையாக நீட்டப்படுகிறது. ஒரே எக்ஸ்ரே படத்தைப் பார்க்கும் இரு மருத்துவர்கள் அதை வெவ்வேறு வகையில் சேர்ப்பதும் அடிக்கடி நேர்வதால், அதைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை.

உண்மையில் கேட்கப்பட வேண்டிய கேள்வி, நாண் எந்தப் பக்கத்தில் கிழிகிறது என்பதே. கிணற்றுச் சுவரில் உரசும் கயிறு, சுவரைத் தொடும் பக்கத்தில்தான் பிரியும். அவ்வாறே முகடு மேலிருந்து தேய்க்குமானால் நாணின் மேற்புறமே முதலில் நைந்திருக்க வேண்டும். ஆனால் நாணின் முழுத் தடிப்பையும் ஊடுருவாத அரைகுறைக் கிழிசல்கள் பெரும்பாலும் காணப்படுவது, முகட்டை எட்டிக்கூடப் பார்க்காத கீழ்ப்புறத்தில், அதாவது மூட்டின் உட்குழியை நோக்கிய பக்கத்தில்தான். மேலும், தோளைப் போர்த்தியுள்ள டெல்டாய்டு தசை மேற்கை எலும்பை மேல்நோக்கி இழுக்க, சுழற்று தசைகளே அதன் தலையை ஆழமற்ற குழியில் அழுத்திப் பிடித்துவைக்கின்றன. இத்தசைகள் தளர்ந்தால் தலை மேலேறி, முகட்டின் அடியிலுள்ள இடைவெளி தானே குறுகும். நீர் காரணம் என்று கண்டது விளைவாகவே இருக்கலாம் என்னும் ஐயம் ஏனோ செதுக்க விரைந்த கைகளைத் தடுக்கவில்லை. அக்கைகள் முகட்டின் அடிப்புறத்தைச் செதுக்கியதோடு, முகட்டையும் கொரக்காய்டு என்னும் முன்புற முளையையும் இணைத்து, எலும்புத் தலை முன்மேலாக நழுவாமல் தடுக்கும் பந்தகத்தையும் வழக்கமாக அறுத்துவிட்டன.

சிகிச்சைக்குப்பின் நோயாளிகள் தேறினார்களே என்பது இறுதி அரண். பிரிட்டனில் 32 மருத்துவமனைகளில் 313 பேரிடம் நடத்தப்பட்டு லான்செட் இதழில் வெளியான ஆய்வில், ஒரு பிரிவினருக்கு முகடு செதுக்கப்பட்டது; மற்றொரு பிரிவினருக்குத் துளையிட்டுக் கருவியை உள்ளே செலுத்திப் பார்த்துவிட்டு, எலும்பைத் தொடாமலே தையல் போடப்பட்டது. செதுக்கப்பட்டவர்களும் செதுக்கப்படாதவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறினர். சிகிச்சை ஏதும் பெறாத மூன்றாம் பிரிவினரைவிட இவர்கள் சற்றே மேலாக இருந்தனர் என்பதைச் சிலர் தூக்கிப் பிடிக்கின்றனர். அப்படியானால் அந்தப் பெருமையில் பாதி, எலும்பைத் தொடாத அறுவைக்கும் உரியது. இத்தகைய தோள்வலிக்கு இந்த அறுவை வேண்டாம் என்று 2019-இல் பிஎம்ஜே இதழின் வழிகாட்டுதல் அழுத்தமாகப் பரிந்துரைத்தது. நீரின் கட்டுரைக்கு அப்போது 47 வயது.