வீடு திரும்பியவரைக் கைவிடாதீர்!

குடியை நிறுத்த மருத்துவமனையில் சேர்ந்த தொழிலாளி, சில நாள் கழித்துத் தெளிந்த முகத்தோடு வீடு திரும்புகிறார். "இனி எல்லாம் சரியாகிவிட்டது" என்கிறது குடும்பம். அடுத்த சம்பள நாளில் அவர் மீண்டும் குடித்துவிட்டால், "திருந்தாத ஜென்மம்" என்று கைகழுவி விடுகிறது. இந்த இரண்டு தீர்ப்புமே தவறு என்கிறோம்.

மருத்துவமனை செய்தது என்ன? ஆண்டுக்கணக்கில் தினமும் குடித்த உடம்புக்குத் திடீரென்று மது நின்றால், சில மணி நேரத்திலேயே கை நடுங்கும், வியர்க்கும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். மூன்றாம் நாளை ஒட்டிச் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும், உயிரே போகலாம். அந்தக் கண்டத்தைத் தாண்ட வைக்கத்தான் மாத்திரையும் தயாமின் ஊசியும். அவை உயிரைக் காத்தன. குடிக்கும் ஆசையை வேரோடு பிடுங்கவில்லை. அந்த வேலை இனிமேல்தான் தொடங்குகிறது.

தாராவியிலும் ஆண்டாப்ஹில்லிலும் அவர் எதற்குத் திரும்பி வருகிறார்? கூலி வாங்கும் இடத்துக்கும் வீட்டுக்கும் நடுவே சாராயக் கடை. "வேறு ஆள் போட்டாச்சு" என்னும் ஒப்பந்தக்காரர். "ஒரு கிளாஸ்தானே" என்னும் பழைய கூட்டாளிகள்.

ரயில்வேயில் நிரந்தர வேலையிலிருக்கும் நமக்கு நோய் விடுப்பு உண்டு, மருத்துவமனை உண்டு. இ.எஸ்.ஐ. சந்தா கட்டும் தொழிலாளிக்கு, டாக்டர் சான்றிதழின் பேரில், ஆண்டில் 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். நாக்காவில் நின்று வேலை தேடும் கொத்தனாருக்கு என்ன உண்டு? படுத்த நாளுக்குக் கூலி இல்லை. எழுந்து வந்தால் வேலையும் இல்லை. நோய் ஒன்றுதான், நீதிதான் இரண்டு!

மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவருக்கே ஏதேனும் சிகிச்சை கிடைக்கிறது. 180 பேருக்கு ஒருவரே மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுகிறார். மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான ஆய்வு சொல்லும் கணக்கு இது. கடைக்கு உரிமம் தந்து வரி வசூலிக்கும் அரசு, சிகிச்சைக்குப் பிந்தைய கவனிப்புக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்று கேட்போம். அதுவரை நாம் கைகட்டி நிற்பதா?

"சங்கம் குடிகாரர்களுக்கா?" என்று சில அன்பர்கள் கேட்கிறார்கள். சாரத்திலிருந்து விழுந்து கால் ஒடிந்தவருக்குத் துணை போகிறோமே, இவருக்கு ஏன் கூடாது? இவருக்கு வேண்டியது பணமல்ல, ஆள் துணை.

ஆகவே ஒவ்வொரு கிளையும் இதைச் செய்யட்டும். வீடு திரும்பியவருக்கு முதல் மூன்று மாதம் இரண்டு தோழர்கள் துணையிருக்கட்டும். மறுபரிசோதனை நாளில் கூடப் போய், டாக்டர் மராத்தியிலோ இந்தியிலோ சொல்வதைத் தமிழில் விளக்கட்டும். சம்பள நாள் மாலையில் அவரைத் தனியே விடவேண்டாம். உயரத்தில் ஏறாத வேலையாகக் கொஞ்ச நாள் தரும்படி மேஸ்திரியிடம் சங்கமே பேசட்டும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. குடியை நிறுத்தும் மருந்தென்று எதையும் அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலக்காதீர்கள். டைசல்ஃபிராம் உள்ளே போனபின் குடித்தால் உயிருக்கே ஆபத்து. டாக்டர் சொல்லி, அவரும் சம்மதித்தே தரவேண்டும். மீண்டும் குடிக்கத் தொடங்கிவிட்டால் அறையில் பூட்டி வைத்து நிறுத்த முயலாதீர்கள். மருத்துவமனைக்கே அழைத்துப் போங்கள். 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலும் ஆலோசனை கேட்கலாம். ஆனால் அவர் கை நீட்டினால், நோய் என்று பொறுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் பக்கமும் சங்கம் நிற்கும்.

சறுக்கியவர் தோற்றவர் அல்ல. சர்க்கரை ஏறியவரை மறுபடி டாக்டரிடம் அழைத்துப் போகிறோம், திட்டித் துரத்துவதில்லை. இவருக்கும் அதே நியாயம் வேண்டும். அடுத்த மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு கிளையும் இரண்டு பெயரோடு வரட்டும்!