கரன்ட் இருக்கும்போதே பேட்டரி தீர்கிறதா?

"கேளம்பாக்கம் பக்கம் எங்கள் வீடு. நான்கு கறவை மாடுகள் வைத்திருக்கிறோம். முன்புபோல இப்போது கரன்ட் அடிக்கடி போவதில்லை. ஆனாலும், போகிற அன்று இன்வெர்ட்டர் ஒரு மணி நேரம்கூடத் தாங்குவதில்லை. மூன்று வருடத்தில் இரண்டாவது பேட்டரி இது. 150 ஆம்பியருக்குப் பதிலாக 200 ஆம்பியர் வாங்கலாமா?"

– வாசகி, கேளம்பாக்கம்.

இப்போதைக்கு வாங்க வேண்டாம் சகோதரி. முதலில் ஒரு சோதனை. இன்று இரவு ஏழு மணிக்கு மேல் இன்வெர்ட்டர் பக்கத்தில் போய் நில்லுங்கள். பக்கத்து வீட்டில் விளக்கு மங்கலாகவாவது எரிகிறது, உங்கள் இன்வெர்ட்டர் மட்டும் பேட்டரியில் ஓடுகிறது என்றால், கரன்ட் போகாமலேயே உங்கள் பேட்டரி தினமும் தீர்கிறது என்று அர்த்தம்.

வீட்டுக்கு வரவேண்டியது 230 வோல்ட். விதிப்படி 6 சதவிகிதம் கூடலாம், குறையலாம். அதாவது 216-லிருந்து 244 வரை. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தூரமாக, லைனின் கடைசியில் இருக்கும் வீட்டில், எல்லோரும் ஏசி போடும் நேரத்தில் இது 170-க்கும் கீழே இறங்கிவிடும். பல இன்வெர்ட்டர்களின் பின்பக்கம் 'யு.பி.எஸ்', 'நார்மல்' என்று ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும். யு.பி.எஸ். பக்கம் இருந்தால், சுமார் 180 வோல்ட்டுக்குக் கீழே போனதுமே கரன்ட் இல்லை என்று முடிவு செய்து பேட்டரிக்கு மாறிவிடும். நார்மலில் வைத்தால் 100 வோல்ட் அளவு வரை லைன் கரன்ட்டையே எடுத்துக்கொள்ளும். மாடலுக்கு மாடல் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். ஃபேன், விளக்குக்கு நார்மலே போதும். பிள்ளைகளின் கம்ப்யூட்டர் மட்டும் கரன்ட் போகும்போது அணைந்து எழும். நார்மலில் அதிக வோல்டேஜும் உள்ளே வரும் என்பதால், டி.வி-க்குத் தனி ஸ்டெபிலைசர் இருப்பது நல்லது.

பெரிய பேட்டரி ஏன் வேண்டாம் என்கிறேன்? இருப்பதே நிறையாதபோது, பெரிதாக வாங்கினால் அதுவும் அரைகுறையாகத்தான் நிற்கும். 12 வோல்ட், 150 ஆம்பியர் பேட்டரியில் கணக்குப்படி 1,800 வாட் மணி இருக்கிறது. இழப்பெல்லாம் போக ஆயிரத்துச் சொச்சம் கைக்கு வரும். இரண்டு பழைய ஃபேன் 150 வாட், மூன்று எல்.இ.டி. டியூப் 60 வாட் என்றால் ஐந்து மணி நேரம் ஓட வேண்டும். ஃபேனை மட்டும் பி.எல்.டி.சி. வகைக்கு மாற்றினால் எட்டு மணி நேரத்தைத் தாண்டும். 200 ஆம்பியர் பேட்டரிக்கு வைத்த காசை அதில் போடுங்கள்.

உங்கள் பக்கம் உப்பளக் காற்று. டெர்மினலில் பச்சை பூத்தால் வெந்நீரில் துடைத்து, வாசலின் தடவுங்கள். போர் தண்ணீரைப் பேட்டரியில் ஊற்றவே கூடாது, டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். ஊருக்குப் பாதிப் பேட்டரி சாவது இதனால்தான் என்பது என் சந்தேகம்.

ஆனால், நோய் லைனில் இருக்கிறது. மல்டிமீட்டரில் காலை, மதியம், இரவு என ஒரு வாரம் வோல்டேஜ் எடுத்து, தேதியோடு எழுதுங்கள். அதே லைனில் இருக்கும் நாலு வீட்டாரிடம் கையெழுத்து வாங்கி, மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் கொடுத்து, நகலில் ரசீது பெறுங்கள். 'மின்னகம்' 94987 94987 எண்ணிலும் பதியலாம். 'லோ வோல்டேஜ்' என்று வாயால் சொல்வதைவிட, 'இரவு 8 மணிக்கு 164' என்று எழுதிக் கொடுப்பதற்கு மதிப்பு அதிகம். ஒரு விளக்கு மங்கும்போது இன்னொன்று பளிச்சென்று எரிந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். நியூட்ரல் விட்டிருக்கலாம். மெயினை அணைத்துவிட்டு உடனே சொல்லுங்கள்.

2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் அடித்தபின் நாள்கணக்கில் கரன்ட் இல்லாமல் இருந்தது நினைவிருக்கும். அதற்கு எந்த இன்வெர்ட்டரும் தாங்காது, ஜெனரேட்டர்தான். அதன் வயரை வீட்டு பிளக் பாயின்ட்டில் செருகும் பழக்கம் சிலரிடம் உண்டு. அந்தக் கரன்ட் வெளி லைனுக்கு ஏறி, டிரான்ஸ்ஃபார்மர் வழியாகப் பல ஆயிரம் வோல்ட்டாக மாறி, கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேன் உயிரை எடுத்துவிடும். சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வைத்தே இணைக்க வேண்டும். மாட்டுக் கொட்டகைக்கு உள்ளேயும் ஜெனரேட்டரை ஓட்டாதீர்கள். புகையில் வாசனை தெரியாத விஷவாயு உண்டு.

சுவிட்சை மாற்றிவிட்டுப் பத்து நாள் பாருங்கள். அப்போதும் தாங்கவில்லை என்றால் எழுதுங்கள். பேட்டரியையே சோதிக்கும் முறையை அடுத்த இதழில் சொல்கிறேன்.