குஞ்சு பொரிக்காததற்குக் கைராசியா காரணம்?



2009 ஆம் ஆண்டு போர் முடிந்த பின்னர், வடக்கிலும் கிழக்கிலும் மீளக்குடியேறிய பல குடும்பங்களுக்கு வாழ்வாதார உதவியாகக் கோழிகள் வழங்கப்பட்டன. சில இடங்களில் குஞ்சு பொரிக்கும் பெட்டிகளும் கிடைத்தன. நான் போய்வரும் கிராமங்களில் அப்படிக் கிடைத்த பெட்டிகள் சில இன்று சாக்கால் மூடி மூலையில் வைக்கப்பட்டிருக்கின்றன. ஏன் பாவிப்பதில்லை என்று கேட்டால், "வைச்ச முட்டை எல்லாம் கூழாப் போச்சு தங்கச்சி, என்ர கைராசி அப்பிடி" என்கிறார்கள்.

இந்தக் 'கைராசி' என்ற சொல் என்னை மிகவும் உறுத்துகிறது. கணவனை இழந்த பெண் தொட்டு அடை வைத்தால் விளங்காது என்று அயலில் கதைப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். நாளடைவில் அந்தப் பெண்ணும் அதை நம்பிவிடுகிறாள். தொழிலும் போகிறது, தன்மேல் இருந்த நம்பிக்கையும் போகிறது. ஆனால் பெட்டியைத் திறந்து பார்த்தால், பல வேளைகளில் பழுது அதன் உள்ளேயே இருப்பதைக் காணலாம். சூட்டைக் கட்டுப்படுத்தும் தேர்மோஸ்டாட் என்ற சிறிய பொருள்தான் அது.

கோழி முட்டை பொரிக்க 21 நாட்கள் வேண்டும். காற்றாடி உள்ள பெட்டியில் சூடு ஏறக்குறைய 37.5 பாகை செல்சியஸில் நிற்க வேண்டும். காற்றாடி இல்லாத பெட்டியில், முட்டையின் மேற்புற மட்டத்தில் அளக்கும்போது, 38.5 பாகை அளவில் இருக்க வேண்டும். சூடு தொடர்ந்து குறைந்தால் குஞ்சு பிந்தி வரும், சோர்ந்திருக்கும். கூடினால் நாளுக்கு முன்னரே வரும், தொப்புள் மூடாமல் இருக்கும். 40 பாகையைத் தாண்டிச் சில மணி நேரம் நின்றால் கரு இறந்துவிடும். சூடு குறைவதை விடக் கூடுவதே அதிக ஆபத்து.

பழைய பெட்டிகள் பலவற்றில் இருப்பது ஈதர் நிரப்பிய ஒரு பித்தளை வில்லை. சூடு கூடும்போது அது உப்பி, ஒரு சிறிய ஆளியைத் தள்ளி மின்குமிழை அணைக்கும். ஆறும்போது சுருங்கி மீண்டும் எரியவிடும். ஒரு திருகாணியைத் திருப்பித்தான் அதைச் சரிசெய்ய வேண்டும். எத்தனை பாகையில் நிற்கிறது என்று அதில் எழுதியிருக்காது. காலப்போக்கில் வில்லையில் நுண்ணிய ஓட்டை விழுந்து ஈதர் வெளியேறினால் அது உப்பாது. மின்குமிழ் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும், முட்டை வெந்துவிடும். வேறு சில பெட்டிகளில் இலக்கம் போட்ட வட்டத் திருகி இருக்கும். மலிவான திருகிகள் ஒரு தடவை அணைந்து மீண்டும் எரிவதற்குள் பல பாகை இறங்கிவிடும். முட்டைக்கு அந்த ஏற்ற இறக்கம் ஆகாது.

சூட்டைத் தானாகக் கட்டுப்படுத்தும் கருவியின் வரலாறும் கோழிக்குஞ்சோடு சேர்ந்ததே. 1600களின் தொடக்கத்தில் ஒல்லாந்தரான கொர்னேலிஸ் டிரெபெல் அடைகாக்கும் பெட்டி ஒன்றுக்காகவே இவ்வாறான கருவியைச் செய்தார். அதற்கும் வெகுகாலம் முன்பிருந்தே எகிப்தில் மண் அடுப்பறைகளில் குஞ்சு பொரித்தவர்கள், முட்டையைக் கண்ணிமையில் வைத்துச் சூடு பார்த்தார்கள். அவர்களுடையது பழகிப் பெற்ற அறிவு. அதை யாரும் கைராசி என்று சொல்லவில்லை.

இப்போது பழையதற்குப் பதிலாக டிஜிட்டல் தேர்மோஸ்டாட் போடலாம். சூட்டை இலக்கத்தில் காட்டும் சிறிய கருவி இது. அதிலிருந்து ஒரு நீண்ட வயர் போகும், அதன் நுனியில் சூட்டை உணரும் முனை இருக்கும். மாற்றும்போது கவனிக்க வேண்டியவை இவை:

முதலில் பிளக்கைக் கழற்றி வையுங்கள். ஆளியை அணைத்தால் மட்டும் போதாது. நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட் மின்சாரம். வயர் வேலை பழகாதவர்கள் தெரிந்த ஒருவரைக் கொண்டு செய்வியுங்கள், ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள்.

வாங்கும்போது, கருவி நேரடியாக 230 வோல்ட்டில் இயங்குமா, அல்லது 12 வோல்ட் அடப்டர் வேண்டுமா என்று கேளுங்கள். சில கருவிகளில் சூடாக்குவதற்கும் குளிராக்குவதற்கும் வேறு வேறு இணைப்புகள் இருக்கும். மின்குமிழைச் சூடாக்கும் இணைப்பிலேயே பொருத்த வேண்டும். மாறிப் பொருத்தினால் சூடு கூடும்போது குமிழ் எரியும்.

உணரும் முனையை முட்டைகளின் மட்டத்தில், மின்குமிழிலிருந்து தள்ளி வையுங்கள். குமிழ் பழைய இழை வகையாக இருக்க வேண்டும். எல்ஈடி குமிழ் போதிய சூடு தராது.

அணைவதற்கும் மீண்டும் எரிவதற்கும் இடையிலான வித்தியாசத்தையும் நாமே அமைக்கலாம். கருவி விடும் மிகக் குறைந்த அளவான 0.3 அல்லது 0.5 பாகையில் வையுங்கள்.

இலக்கம் காட்டுகிறது என்பதற்காக அப்படியே நம்பிவிட வேண்டாம். மலிவான கருவிகள் ஒரு பாகை வரை பிழையாகக் காட்டக்கூடும். முட்டைக்கு ஒரு பாகை பெரிய வித்தியாசம். இதைச் சரிபார்க்க நம்மிடம் ஏற்கெனவே ஒரு பொருள் இருக்கிறது. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் பார்க்கும் வெப்பமானிதான் அது. 35 முதல் 42 பாகை வரை அளக்க அது செய்யப்பட்டிருக்கிறது, நமக்கு வேண்டிய சூடும் அதற்குள்ளேதான் வருகிறது. உணரும் முனையையும் வெப்பமானியின் நுனியையும் ஒன்றாகச் சேர்த்து, இளஞ்சூடான தண்ணீரில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் கருவியிலேயே அதைத் திருத்தலாம், அல்லது அந்த அளவைக் கூட்டிக் குறைத்து வைக்கலாம்.

பழைய வில்லை இன்னும் வேலை செய்தால் அதை எறிய வேண்டாம். டிஜிட்டல் கருவியின் உள்ளே இருக்கும் ஆளி எப்போதாவது ஒட்டிக்கொண்டால் குமிழ் அணையாது. பழையதையும் அதே வயரில், புதியதற்கு அடுத்ததாக இணைத்தால், சூடு எல்லை மீறும்போது அது அணைத்துவிடும். வெறும் பெட்டியில் புதியதை வேண்டிய அளவுக்கு ஒரு பாகை மேலே வையுங்கள். சூடு அங்கே ஏறியதும், பழையதன் ஆளி அணையும் வரை திருகாணியைத் திருப்புங்கள். பின்னர் புதியதை உரிய அளவுக்கு இறக்கிவிடுங்கள். இனிப் பழையது காவலுக்கு நிற்கும்.

முட்டை வைக்கும் முன் பெட்டியை ஒரு முழு நாள் வெறுமனே ஓடவிட்டுப் பாருங்கள். பிறகு ஒரு அப்பியாசக் கொப்பி எடுத்து, காலை, மதியம், இரவு காட்டும் பாகையை 21 நாளும் எழுதுங்கள். முட்டைகளை 18 ஆம் நாள் வரை நாளுக்கு மூன்று தடவையாவது திருப்பிவிடுங்கள். பெட்டியில் தண்ணீர்ப் பாத்திரம் வற்றக் கூடாது, கடைசி மூன்று நாளும் ஈரப்பதன் கூடுதலாக வேண்டும். ஏழாம் நாள் இருட்டில் டோர்ச் வெளிச்சத்தில் பார்த்துக் கரு இல்லாத முட்டைகளை எடுத்துவிடலாம்.

2022 இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்ற நாட்களை நாம் மறக்கவில்லை. கரண்ட் போனால் பெட்டியைத் திறக்காமல் தடித்த போர்வையால் மூடி வையுங்கள், காற்றுத் துளைகளை மட்டும் அடைக்க வேண்டாம். நீண்ட நேரமானால் சுடுதண்ணீர்ப் போத்தல்களை முட்டைகளில் படாமல் உள்ளே வைக்கலாம். சில மணி நேரக் குளிரை முட்டை பெரும்பாலும் தாங்கும்.

இந்தக் கொப்பியின் பயன் முட்டையோடு முடிவதில்லை. இயந்திரத்தைத் தருகிறவர்கள் பல வேளைகளில் அதன் அறிவைத் தருவதில்லை. பொருத்த வருபவர் வீட்டு ஆணிடமோ சங்கத்தின் உத்தியோகத்தரிடமோ விளங்கப்படுத்திவிட்டுப் போய்விடுவார். முட்டையைத் திருப்புகிறவளுக்குத் திருகாணி எது என்றே தெரியாது. பழுது வந்தாலோ பழி மட்டும் அவளுக்கு. ஆகவே அமைக்கும் பொத்தானை நீங்களே அழுத்திப் பழகுங்கள், எந்த இலக்கத்தில் நிற்கிறது என்று உங்கள் கையாலேயே எழுதிவையுங்கள். ஒரு தடவை பொரிக்காமல் போனாலும், அந்தக் கொப்பியை எடுத்துக்கொண்டு கால்நடை வைத்தியரிடம் போகலாம். எந்த நாள் சூடு தவறியது, சேவல் போதவில்லையா, முட்டை பழையதா என்று அவரோடு இருந்து பார்க்கலாம். அயலில் யாராவது கைராசி என்று சொன்னால், கொப்பியை விரித்துக் காட்டுங்கள்.

மூலையில் கிடக்கும் பெட்டி உங்கள் வீட்டிலும் இருந்தால், இந்த மாதமே சாக்கை எடுத்துத் திறந்து பாருங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.